ஏறாத கப்: தாத்தாவின் ராலேக்கு எந்த பி.பி.?

கேள்வி: பிப்ரவரி 2, 2025, மாலை 5.10

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் எங்கள் தாத்தா ஓட்டிய ராலே சைக்கிள். மேட்டில் மிதிக்கும்போது 'டொக், டொக்' என்று சத்தம் வந்தது. மிதி மாட்டும் கிராங்கைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே அச்சைச் சுற்றி உருளும் குண்டுகளில் பாதியைக் காணவில்லை. கிராங்கை அச்சோடு பூட்டும் கோட்டர் பின்னோடு இனி மல்லுக்கட்ட முடியாது என்று அலுமினியக் கிராங்கும், சீல் வைத்த பாட்டம் பிராக்கெட் (பி.பி., கிராங்கின் அச்சைத் தாங்கும் உறுப்பு) ஒன்றும் இணையத்தில் வாங்கினேன். பெட்டியில் 68-113 என்று இருக்கிறது. வலது பக்கக் கப், அதாவது பி.பி.யைச் சட்டத்தில் பூட்டும் மரை வைத்த வளையம், இரண்டு சுற்று ஏறுகிறது, அப்புறம் அசையவில்லை. பட்டணத்துக் கடைக்காரர், "ஸ்பேனரில் நீளக் குழாய் மாட்டித் திருகுங்கள், ஏறிவிடும்" என்கிறார். செய்யலாமா? தைப்பூசத்துக்கு முன்னால் ஓட வேண்டும். தாத்தா இதில்தான் ஈப்போ கல்லுமலை முருகன் கோயிலுக்குப் போவாராம்.

பிப்ரவரி 2, இரவு 8.45

குழாய் மாட்டாதே தம்பி. முதலில் அதைக் கீழே வை.

தோட்டத்துப் பட்டறையில் முப்பது வருடம் இருந்தவன் சொல்கிறேன். என் கைக்கு வந்த சைக்கிள்களில் பெரும்பாலானவை 68 மில்லிமீட்டர் கூடு (பி.பி. உட்காரும் குழாய்), அங்குலத்துக்கு 24 மரை. உன்னுடையதும் அதுதான். நீ வாங்கியது சரியான சாமான். மரைக்குள் பழைய கிரீசும் செம்மண்ணும் கல்லாகிக் கிடக்கும். மண்ணெண்ணெய் ஊற்றி, பழைய பல்துலக்கியால் தேய்த்து, துணியால் துடைத்துவிட்டு மறுபடி ஏற்று. வலது பக்கம் இடது மரை என்பது நினைவிருக்கட்டும்: அந்தப் பக்கம் நின்று பார்த்தால் கடிகாரத்துக்கு எதிராகச் சுற்றினால்தான் இறுகும்.

பிப்ரவரி 2, இரவு 9.30

இடது மரை என்றதும் ஞாபகம் வருகிறது. எனக்கு இருபது வயது. என் மச்சான் சைக்கிளில் வலது கப்பைக் கழற்ற வேண்டும். எல்லாத் திருகும் இடப்பக்கம் திருப்பினால் கழலும் என்று படித்து வைத்திருந்தேன் அல்லவா, ஸ்பேனரில் தண்ணீர்க் குழாயைச் செருகி, மச்சானை அதன் மேல் ஏறி நிற்கச் சொன்னேன். மச்சான் அப்போதே எண்பது கிலோ. கப் கழலவில்லை, இறுகியது. ஸ்பேனர் நழுவி, மச்சான் கோழிக்கூண்டின் மேல் போய் விழுந்தார். இன்றும் குடும்ப விசேஷங்களில் என்னைப் பார்த்தால் "மரை கழன்றவன் வருகிறான்" என்பார். கழன்றிருந்தால்தான் பிரச்சினையே இல்லையே.

பிப்ரவரி 3, காலை 6.15

ராத்திரி தூக்கம் சரியில்லை. அளக்காமல் பதில் சொல்லிவிட்டேன் என்பது ஒரு மணிக்கு உறைத்தது. அழுக்கு அடைத்த மரை என்றால் ஏறும்போது கரகரவென்று, கொஞ்சம் கொஞ்சமாக இறுகும். நீ சொல்வது வேறு: இரண்டு சுற்று சுகமாகப் போய், பிறகு சுவரில் முட்டியதுபோல் நிற்கிறது. இது அழுக்கின் வேலை இல்லை.

கூட்டின் அகலம் எவ்வளவு, துளையின் குறுக்களவு எவ்வளவு, பழைய கப்கள் கையில் இருக்கின்றனவா, அவை எந்தப் பக்கம் திருப்பினால் கழன்றன? நாலுக்கும் பதில் வேண்டும்.

இன்னொன்று: அந்த டொக் சத்தம், எழுந்து நின்று மிதித்தாலும் வந்ததா? சரி, அதை அப்புறம் பார்ப்போம்.

பிப்ரவரி 3, பகல் 12.50

தம்பி அகலத்தை மட்டும் சொல்லியிருக்கிறான்: 70 மில்லிமீட்டர். பள்ளிக்கூட ஸ்கேலால் அளந்தானாம்.

70 என்றால் இத்தாலிய அளவு! கூடு 70, கப் 36 மில்லிமீட்டர், அங்குலத்துக்கு 24 மரை, இரண்டு பக்கமும் சாதாரண வலது மரை. அதனால்தான் இத்தாலியச் சைக்கிளில் வலது கப் மிதிக்க மிதிக்கத் தானே தளர்ந்துகொள்ளும் என்று ஓட்டுபவர்கள் புலம்புவார்கள். தாத்தாவின் சட்டத்தை யாரோ மாற்றிவிட்டார்களா? இத்தாலியச் சட்டத்தில் ராலே முத்திரையா? சுங்கை சிப்புட்டில் இப்படி ஒரு பொக்கிஷமா?

பிப்ரவரி 3, இரவு 10.20

மத்தியானம் எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். சோறு சாப்பிட்ட மயக்கத்தில் எழுதியது.

இத்தாலியக் கப் 36 மில்லிமீட்டர். தம்பி வாங்கிய கப் 1.37 அங்குலம், அதாவது 34.8. சிறியதைப் பெரிய துளைக்குள் விட்டால் என்ன ஆகும்? லொடலொடவென்று உள்ளே விழும். இரண்டு சுற்று போய் இறுக வாய்ப்பே இல்லை. பேரன் சட்டை தாத்தாவுக்கு இறுகலாம். தாத்தா சட்டை பேரனுக்கு இறுகுமா? இந்த ஒரு கணக்கைப் போட்டிருந்தால் ஊரைக் கூட்டியிருக்க மாட்டேன்.

ஆகவே துளை 34.8-க்கு மிக நெருங்கிய அளவு, ஆனால் மரை வேறு. இப்படி இரண்டு பேர் உண்டு. ஒருவர் பிரெஞ்சுக்காரர்: 35 மில்லிமீட்டர், ஒரு மரைக்கு ஒரு மில்லிமீட்டர். இன்னொருவர்... தம்பி, வெர்னியர் அளவுகோல் வைத்திருக்கும் யாரையாவது பிடி. ஸ்கேலை நம்பி இனி எழுத மாட்டேன்.

பிப்ரவரி 4, மாலை 6.40

படம் அனுப்பியிருக்கிறான். பார்த்ததும் சிரித்துவிட்டேன்.

கூட்டின் வலது விளிம்பில் பழுப்பு நிறத்தில் ஒரு தடிப்பு. துரு என்று நினைத்திருக்கிறான். அது துரு இல்லை தம்பி, ஒட்டுப்பால், அதாவது உறைந்து ஒட்டிய ரப்பர் பால். தாத்தா இதில் பால் வாளி கட்டி ஸ்டோருக்குப் போயிருக்கிறார். சடக்கில், அதாவது சாலையில், ஒவ்வொரு குழியிலும் வாளி தளும்பும். சிந்திய பால் சட்டத்தின் குழாய் வழியாக இறங்கி, எல்லாக் குழாயும் சேரும் இடத்தில், அதாவது பி.பி. கூட்டில், தேங்கி உறையும். அடுத்த நாள் அதன் மேல் இன்னொரு படலம். வருடக்கணக்கில். நகத்தால் ஓர் ஓரத்தைக் கிளப்பி இழுத்தால் தோல்போல உரிந்து வரும். உரிக்கும்போது அந்த வாடை வரும். ரப்பர் ஸ்டோர் பக்கம் வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொன்னாலும் புரியாது. எங்கள் அம்மா பெரட்டுக்கு, அதாவது தோட்ட வேலைக்கு, உடுத்திப் போன சேலையை வீட்டுச் சேலைகளோடு சேர்த்து வைக்கவே மாட்டார்.

கோலகங்சாரில் 1877-இல் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று இன்னும் நிற்கிறது; வெளியூர்க்காரர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். நம் ஆள்கள் அந்த மரத்தின் சந்ததியை சைக்கிள் சட்டத்திலேயே பூசி வைத்திருக்கிறார்கள்.

உரித்துவிட்டு வெர்னியரில் அளக்கட்டும்.

பிப்ரவரி 4, இரவு 9.05

71.

ஒட்டுப்பால் இரண்டு மில்லிமீட்டர் கூட்டியிருக்கிறது. ஸ்கேலின் நுனியில் பூஜ்யத்துக்கு முன்னால் மூன்று மில்லிமீட்டர் வெற்றிடம் இருந்திருக்கிறது. தம்பி நுனியிலிருந்து வைத்திருக்கிறான். இரண்டு கூடி, மூன்று குறைந்து, 71 என்பது 70 ஆகி, இல்லாத இத்தாலியர் ஒருவர் சுங்கை சிப்புட்டில் பிறந்துவிட்டார்.

பிப்ரவரி 5, காலை 7.30

71 என்றாலே பாதி விடை வந்துவிட்டது. மீதிப் பாதிக்கு ஒரு சோதனை. இதைக் கடையில் யாரும் செய்து பார்ப்பதில்லை; ஒரு சென் செலவில்லை.

பழைய கப்பையும் புதிய கப்பையும் நன்றாகத் துடைத்து, மரையோடு மரை பொருந்துவதுபோல் பக்கவாட்டில் ஒட்டிப் பிடி. சன்னலுக்கு நேரே தூக்கிப் பார். இரண்டும் ஒரே மரை என்றால் சீப்புக்குள் சீப்புபோலப் பொருந்தும், வெளிச்சம் வராது. வேறு மரை என்றால் ஓர் ஓரத்தில் பொருந்தி, போகப் போக ஒன்றின் பல் இன்னொன்றின் பல் மேலேயே ஏறிக்கொள்ளும். அந்த இடத்தில் வெளிச்சக் கீற்று தெரியும். பிறகு பழைய கப்பில் அரை அங்குலத்துக்கு எத்தனை மரை என்று எண்ணு. 12 என்றால் சாதாரணம். 13 என்றால் சொல்.

பிப்ரவரி 5, பகல் 1.15

13. வெளிச்சமும் தெரிந்ததாம்.

பழைய வலது கப் கடிகாரச் சுற்றில் திருப்பியபோதுதான் கழன்றது என்றும் சொல்கிறான். அப்படியானால் இடது மரை; இரண்டு பக்கமும் வலது மரை வைக்கும் பிரெஞ்சுக்காரரும் வெளியே. விடை: ராலேயின் சொந்த அளவு. ஒன்றே முக்காலே அரைக்கால் அங்குலம்... இல்லை, பொறுங்கள், ஒன்றும் மூன்று அரைக்காலும், 1⅜ அங்குலம், அங்குலத்துக்கு 26 மரை, கூடு 71. நாட்டிங்ஹாம் ஆலை தனக்கென்று வைத்திருந்த மரை. ஊர் உலகம் 24 என்றால் அவர்கள் 26 என்பார்கள். இதே மரையில் 76 மில்லிமீட்டர் கூடும் உண்டு.

இரண்டு சுற்று மட்டும் ஏன் ஏறியது என்பதற்கும் இங்கேதான் பதில். 24 மரையில் ஒரு சுற்றுக்கு 1.06 மில்லிமீட்டர் உள்ளே போகும். 26 மரையில் 0.98. சுற்றுக்கு 0.08 வித்தியாசம். முதல் சுற்றில் மரையின் தளர்ச்சி அதை விழுங்கிவிடும், இரண்டாவதிலும் முணுமுணுத்துக்கொண்டே விழுங்கும், மூன்றாவதில் துப்பிவிடும். குழாய் மாட்டித் திருகியிருந்தால் ஏறியிருக்கும், சந்தேகமில்லை. கூட்டின் மரையை வழித்துத் தள்ளிக்கொண்டு ஏறியிருக்கும்.

ஆக, 2-ஆம் தேதி இரவு "உன்னுடையதும் அதுதான்" என்று நான் எழுதியது தவறு. அழிக்கவில்லை, அப்படியே இருக்கட்டும். பழைய சைக்கிள், இங்கிலாந்துச் சைக்கிள், எனவே இங்கிலாந்து அளவு என்று அனுமானித்தேன். பெயரைப் பார்த்து அளவு சொல்பவன் ஜாதகம் பார்க்கப் போகலாம்.

பிப்ரவரி 5, இரவு 10.00

கூலிமிலிருந்து ஓர் அண்ணன் தனியாக எழுதிக் கேட்கிறார்: வலது பக்கம் இடது மரை வைத்தது ஏன்? மிதிக்கும்போது அச்சு முன்பக்கமாகத்தானே சுற்றுகிறது. அந்தச் சுற்று கப்பையும் கூடவே இழுத்தால், வலது பக்கம் சாதாரண மரைதானே இறுகும், இடது மரை கழன்றல்லவா போகும்?

நானும் பல வருடம் இந்தக் குழப்பத்தில் இருந்தேன். ஒரு பென்சிலை எடுங்கள் அண்ணே. இடது கையை முஷ்டியாக, ஆனால் தளர்வாக வைத்து, பென்சிலை உள்ளே செருகுங்கள். மேல் நுனியை வலது கையால் வட்டமாகச் சுற்றுங்கள். பென்சில் முஷ்டிக்குள் எந்தப் பக்கம் உருள்கிறது? நீங்கள் சுற்றும் திசைக்கு எதிராக. மிதிக்கும் பாரம் கப்பின் உள்சுவரை ஒவ்வோர் இடமாக அழுத்திக்கொண்டே சுற்றி வருகிறது. கப்புக்கும் கூட்டுக்கும் இடையே மயிரிழை இடைவெளி இருந்தால் போதும், கப் எதிர்த்திசையில் உருளத் தொடங்கும். அதற்காகத்தான் அந்த மரை. குண்டுகள் இறுகி அச்சு கப்பைப் பிடித்து இழுத்தால் நீங்கள் சொன்னதுதான் நடக்கும். ஆனால் அந்த நிலைக்கு வந்த சைக்கிளை யாரும் ஓட்டிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

பிப்ரவரி 6, மாலை 5.25

குளுவாங் தம்பி ஒருவர் நடுவில் புகுந்திருக்கிறார். அவருடையது மலைச் சைக்கிள், மூன்று பல்சக்கரக் கிராங்கு. கிராங்குப் பெட்டியில் 68-122.5 என்று போட்டிருந்ததாம். கடையில் அது இல்லை, "113-ம் 68-தான், எல்லாம் ஒன்றுதான்" என்று மாட்டிவிட்டார்களாம். இப்போது சின்னப் பல்சக்கரம் பின்குழாயை உரசுகிறது.

எல்லாம் ஒன்று இல்லை. இந்த இரண்டு எண்களையும் ஒரே ஆளின் பெயரும் தகப்பன் பெயரும் போல எண்ணிக் குழப்பிக்கொள்கிறார்கள். முதல் எண் சட்டத்துக்கு உரியது: கூடு எவ்வளவு அகலம். அதை வெர்னியர் சொல்லும். இரண்டாவது எண் கிராங்குக்கு உரியது: அச்சு எவ்வளவு நீளம். அதைக் கிராங்கு செய்தவர் சொல்வார். சட்டத்தை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அச்சு நீளம் தெரியாது. பழைய பி.பி.யில் பொறித்த எண்ணைப் பார்த்து அதையே வாங்குவதும் எப்போதும் சரிவராது. உங்களுக்கு முன்னால் கழற்றியவர் தவறான ஒன்றை மாட்டியிருக்கலாம். கிராங்கையும் மாற்றுகிறீர்கள் என்றால் பழைய எண்ணுக்கு ஒரு மதிப்பும் இல்லை.

122.5-க்குப் பதில் 113 என்றால் 9.5 குறைவு, இரண்டு பக்கமும் பாதிப் பாதி, பக்கத்துக்கு நாலே முக்கால் மில்லிமீட்டர் உள்ளே போய்விட்டது. உரசாமல் என்ன செய்யும்?

பெட்டியும் இல்லை, புத்தகமும் இல்லை என்றால் இருப்பதை மாட்டி அளக்க வேண்டியதுதான். இருக்கைக் குழாயின் வலது ஓரத்திலிருந்து பல்சக்கரங்களின் நடு வரைக்கும் அளந்து, அதோடு குழாயின் பாதித் தடிமனைக் கூட்டுங்கள். பழைய இரும்புச் சட்டங்களில் குழாய் பெரும்பாலும் 28.6, பாதி 14.3. வருவதுதான் செயின் கோடு. இரண்டு பல்சக்கரச் சாலைச் சைக்கிளுக்கு 43.5 என்பார்கள், மலைச் சைக்கிளுக்கு 47.5 அல்லது 50. உங்களுக்கு 45 வருகிறது, வேண்டியது 47.5 என்றால் இரண்டரை வெளியே வர வேண்டும். அதற்கு அச்சு ஐந்து மில்லிமீட்டர் கூடுதலாக வேண்டும். இரண்டரை என்று வாங்கிவிடாதீர்கள்.

நீளமாக இருந்தால் நல்லதுதானே என்று நினைப்பவர்களுக்கு என் கதை. ஒருமுறை "எதற்கும் இருக்கட்டும்" என்று 127.5 போட்டேன். உரசல் இல்லை. ஆனால் பின்னால் பெரிய பல்லுக்கு மாற்றினால் செயின் குறுக்காக இழுபட்டு முனகும். கால்கள் வேறு அகண்டு, எங்கள் தாமான் குடியிருப்புப் பிள்ளைகள் "மாமா வாத்து மாதிரி ஓட்டுகிறார்" என்றார்கள். ஒரு மாதத்தில் கழற்றிவிட்டேன்.

பிப்ரவரி 6, மாலை 6.10

மேலே சொல்ல விட்டது. சதுர முனை அச்சிலும் இரண்டு ஜாதி. ஷிமானோ முதலான ஜப்பான் அளவு ஒன்று, கம்பனியோலோ முதலானவர்களின் ஐஎஸ்ஓ அளவு ஒன்று. சரிவு இரண்டிலும் ஒன்றுதான், ஆனால் ஐஎஸ்ஓ முனை சற்று மெலிந்தது. மெலிந்ததற்குச் செய்த கிராங்கைத் தடித்ததில் மாட்டினால் நாலைந்து மில்லிமீட்டர் வெளியிலேயே நின்றுவிடும். நீளம் சரி, கிராங்கும் சரி, இன்னும் செயின் கோடு ஒத்துவரவில்லை என்பவர்கள் இதைப் பாருங்கள்.

பிப்ரவரி 7, காலை 8.00

"புதிய சைக்கிள்களைப் பற்றி எழுதவே மாட்டீர்களா?" எழுதுகிறேன், சுருக்கமாக. 24 மில்லிமீட்டர் குழாய் அச்சும் வெளியே இருக்கும் கப்பும் கொண்டதென்றால் அச்சு நீளம் பற்றிய தலைவலி இல்லை. அது கிராங்கோடு வருகிறது. மலைச் சைக்கிள் கிராங்கு என்றால் 73 கூட்டுக்கு வலது பக்கம் இரண்டரை மில்லிமீட்டர் வளையம் ஒன்று. 68 என்றால் வலது இரண்டு, இடது ஒன்று. மரையே இல்லாமல் அழுத்திச் செருகும் வகை என்றால் துளையை அளந்தே ஆக வேண்டும்: 41, 42, 46 என்று ஒவ்வொன்றும் ஒரு தனிக் குடும்பம், 41-க்கும் 42-க்கும் கண்ணால் வித்தியாசம் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை கோலாலம்பூரிலிருந்து கார்பன் சைக்கிளோடு வரும் என் தங்கை மகன் மேட்டில் ஏறும்போது ஒவ்வொரு மிதிக்கும் ஒரு கிறீச். "அது சாதாரணம் மாமா" என்கிறான். கொடுத்த வெள்ளிக்குச் சங்கீதமும் கிடைக்கிறது. இப்போது மறுபடி மரை வைத்து 47 மில்லிமீட்டரில் ஓர் அளவு கொண்டுவந்திருக்கிறார்கள். சுற்றிச் சுற்றி மரைக்கே வந்துவிட்டார்கள்.

பிப்ரவரி 7, இரவு 9.50

ராலேக்குத் திரும்புவோம். மூன்று வழி தெரிகிறது.

கூட்டை 71-லிருந்து 68-க்குச் சீவி, 24 மரையை அதன் மேலேயே வெட்டலாம். வெட்டும் கருவியும், வெட்டத் தெரிந்த கையும் வேண்டும். வெட்டியபின் திரும்பி வர முடியாது. மரையைத் தொடாமல் இரண்டு பக்கமிருந்தும் ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கும் பி.பி. ஒன்றும் விற்கிறார்கள். வேலை செய்யும். மூன்றாவது, பழைய கப், பழைய அச்சு, புதுக் குண்டு, புதுக் கோட்டர்.

தம்பிக்கு அலுமினியக் கிராங்கு மேல் ஆசை. எனக்குப் பழைய கப்களைப் பார்க்க வேண்டும். நாளை மறுநாள் வீட்டுக்கு எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன்.

பிப்ரவரி 9, இரவு 8.20

வந்தான். பசியாறிவிட்டு உட்கார்ந்தோம்.

கப் இரண்டையும் மண்ணெண்ணெயில் போட்டுத் துடைத்தேன். இடது கப் கண்ணாடிபோல் இருக்கிறது. குண்டு ஓடிய தடம் மட்டும் ஒரு சாம்பல் வளையம். வலது கப்பில் இரண்டு இடத்தில் சின்னப் புள்ளிகள், குழி என்று சொல்ல முடியாது. அச்சிலும் அப்படியே. இவ்வளவு வருட மழை, இவ்வளவு பால் வாளி. இந்த எஃகைக் கழற்றி எறிந்துவிட்டா புதியது போடுவது? தம்பியும் விளக்கு வெளிச்சத்தில் கப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அலுமினியக் கிராங்கைப் பற்றி அதற்கப்புறம் பேசவில்லை.

கால் அங்குலக் குண்டு, பக்கத்துக்குப் பதினொன்று. பட்டணத்துத் தவுக்கே (கடை முதலாளி) கடையில் டப்பாவில் வைத்திருந்தார். கப் நிறையக் கிரீஸ் அப்பி, குண்டுகளை ஒவ்வொன்றாக ஈர்க்குச்சி நுனியில் ஒட்டி எடுத்து உள்ளே வைத்தோம். கிரீஸ் பிடித்துக்கொள்ளும், விழாது. பத்தாவது வைத்ததும் இடம் நிறைந்ததுபோல் தெரியும். இன்னொன்றுக்கு இடம் இருக்கும். பன்னிரண்டாவதைத் திணிக்க நினைத்தால் அதுதான் பேராசை. வலது கப்பைப் பூட்டி, அச்சின் நீளமான பக்கத்தை வலப்புறம் விட்டு, இடது கப்பைக் கையால் இறுகும்வரை ஏற்றி, பிறகு ஒரு சிறு அளவு பின்வாங்கி, பூட்டு வளையத்தை இறுக்கினேன். இறுக்கும்போது கப்பும் கூடவே திரும்பும். மூன்று முறை திரும்பச் செய்ய வேண்டியிருந்தது. விரலால் சுற்றினால் கரகரப்பும் இருக்கக்கூடாது, ஆட்டினால் ஆடவும் கூடாது.

பிப்ரவரி 9, இரவு 8.55

கோட்டர் பின் விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும். ராலேக்கு 9.5 மில்லிமீட்டர். 9 போட்டால் உள்ளே வழுக்கிப் போய்விடும். அடிக்கும்போது கிராங்கின் கீழே ஓர் இரும்புக் குழாயை நட்டு, தரையில் ஊன்றி, அதன் மேல் கிராங்கைத் தாங்க வைத்துத்தான் சுத்தியால் அடிக்க வேண்டும். தாங்கல் இல்லாமல் அடித்தால் ஒவ்வோர் அடியும் குண்டு வழியாகக் கப்பில் குழி விழுத்தும். வலது கப்பில் இருந்த புள்ளிகள் அப்படி வந்தவைதான் என்பது என் ஊகம். நட்டு பின்னைப் பிடித்து வைக்கத்தான், இழுத்து ஏற்ற அல்ல. இழுத்தால் மரை போகும். வலது கிராங்கு மேலே நிற்கும்போது பின்னின் நட்டு எந்தப் பக்கம் பார்க்கிறதோ, இடது கிராங்கை மேலே கொண்டுவரும்போதும் அதே பக்கம் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு மிதியும் ஒரே கோட்டில் நிற்காது. நொண்டிக் குதிரைச் சவாரிதான்.

இருபது முப்பது கிலோமீட்டர் ஓட்டியபின் இன்னொரு தட்டு தட்ட வேண்டும்.

பிப்ரவரி 9, இரவு 11.10

ஒரு வம்பு. தாத்தாவுக்கு இந்தச் சைக்கிளை மெர்டேக்கா (சுதந்திர நாள்) அன்று, 1957-இல், தோட்டத்துத் துரை பரிசாகக் கொடுத்தார் என்பது அவர்கள் வீட்டுக் கதை. பின்சக்கர ஹப் ஸ்டர்மி-ஆர்ச்சர் மூன்று கியர். அந்த ஹப்களில் செய்த வருடத்தைப் பொறித்திருப்பார்கள். துடைத்துப் பார்த்தேன்: 58.

தம்பியின் முகம் வாடிவிட்டது. சக்கரத்தை மாற்றியிருக்கலாம், யார் கண்டது என்று சொல்லி வைத்தேன். சொன்னது பொய்யும் இல்லை. துரை கொடுத்தாரா, தாத்தா சம்பளத்தில் வாங்கிவிட்டுப் பாட்டியிடம் துரை கொடுத்தார் என்றாரா என்பது எனக்கு எதற்கு?

பிப்ரவரி 10, காலை 7.00

வாங்கிய 68-113-ஐ என்ன செய்வது என்று கேட்கிறான். திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்களாம், கப்பின் மரையில் கீறல் விழுந்துவிட்டது. நானே எடுத்துக்கொள்கிறேன் என்றேன். என் சைக்கிளின் கூடு 68. அளந்துவிட்டேன். வெர்னியரால்.

பிப்ரவரி 12, மாலை 4.30

தைப்பூசம் முடிந்தது. கல்லுமலைக்கு முழுத் தூரமும் மிதித்தே போனானாம். கால் வலி, முதுகு வலி, ஆனால் கிராங்கு பட்டுபோல் சுற்றுகிறது என்கிறான்.

டொக் சத்தம் மட்டும் அப்படியே இருக்கிறதாம்.

பிப்ரவரி 12, மாலை 4.50

கோட்டரை மறுபடி தட்டினாயா? மிதியின் அச்சு? செயினில் ஒரு கண்ணி இறுகியிருக்கிறதா? நின்று மிதித்தால் வருகிறதா என்று 3-ஆம் தேதியே கேட்டேன். நீயும் சொல்லவில்லை, நானும் விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 12, இரவு 9.15

நின்று மிதித்தால் வரவில்லை. தாத்தாவை இப்போதுதான் கேட்டிருக்கிறான். வாசலில் உட்கார்ந்தபடியே, "அது சீட்டின் அடியில் இருக்கும் ஸ்பிரிங். நான் பால் வெட்டின காலத்திலிருந்தே அப்படித்தான்" என்றாராம்.